ஏற்காட்டுப் பனியில் ட்ரிப் ஆகும் கிறிஸ்துமஸ் விளக்குகள்: ஆர்.சி.சி.பி.யை எடுத்துவிடலாமா?

ஏற்காட்டில் காபித் தோட்டத்து வீட்டு முன்புறம் கிறிஸ்துமஸுக்காக 2,000 பிக்சல் விளக்குகளைக் (ஒவ்வொரு பல்பின் நிறத்தையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தக்கூடிய எல்.இ.டி. சரம்) கட்டி, லேப்டாப் வழியே பாட்டுக்கு ஏற்ப ஆட விட்டிருக்கிறீர்கள். அதோடு சில்வர் ஓக் மரங்களிலும் வாசல் கம்பிவேலியிலும் வழக்கமான 230 வோல்ட் சீரியல் செட் முப்பது சுற்றியிருக்கிறீர்கள். பகலில் போட்டுப் பார்த்தால் எல்லாம் எரிகிறது. மாலை ஆறரைக்கு மேல் பனி இறங்கினால் ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் பூமிக்குக் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் காவல் பெட்டி, ட்ரிப் ஆகிறது. எரியும் நேரத்திலும் சரத்தின் கடைசியில் வெள்ளை நிறம் செம்மண் நிறமாகத் தெரிகிறது. நுழைவாயிலின் இரும்பு வளைவில் 37ஆவது பல்பிலிருந்து விளக்குகள் கண்டபடி மினுக்குகின்றன. லேப்டாப் இரண்டு முறை உறைந்துபோனது. நடுவில் ஒரே வரியாக, வளைவைத் தொட்டால் விரலில் எறும்பு ஊறுவது போல் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இத்தனையும் சொல்லிவிட்டு, “எங்கள் எலக்ட்ரீஷியன் ஆர்.சி.சி.பி.யை எடுத்துவிட்டு நேராக இணைத்துவிடலாம் என்கிறார், நான்கு நாள்தானே, பரவாயில்லையா?” என்று முடித்திருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்டிருப்பது அந்தக் கடைசி வரிதான் என்று நினைக்கிறேன். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: கூடாது. நான்கு நாள் அல்ல, நான்கு நிமிடம்கூடக் கூடாது. மற்றவற்றுக்கெல்லாம் வழி இருக்கிறது.

நான் சேலத்துக்காரன். மின்னியலில் டிப்ளமோ முடித்துவிட்டுக் கோயில் திருவிழா விளக்கு வேலைக்கு வந்து இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. ஆடி மாதம் சேலத்தில் கோட்டை மாரியம்மன் தொடங்கி ஊரில் உள்ள மாரியம்மன் கோயில்களெல்லாம் ஒரே சமயத்தில் விழா எடுக்கும். அந்த நாட்களில் எங்களுக்குத் தூக்கம் கிடையாது. நான் தொழிலுக்கு வந்தபோது விளக்கை ஓடவைத்தது கம்ப்யூட்டர் அல்ல. மோட்டார் சுழற்றும் மர உருளையும், அதன் மேல் ஆணியடித்த பித்தளைத் தகடுகளும்தான். உருளை சுற்றும்போது தகடு எந்தக் கம்பியைத் தொடுகிறதோ அந்த வரிசை எரியும். அம்மனின் கையில் சூலம் அசைவதெல்லாம் அப்படித்தான். பிக்சல் விளக்கு வேலையைக் கடந்த எட்டு ஆண்டுகளாகச் செய்கிறேன். மென்பொருளில் பாட்டுக்கு ஏற்ப அசைவு அமைக்கும் கலையில் என்னைவிட இளைஞர்கள் கெட்டிக்காரர்கள். அதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. கம்பியில் ஓடும் கரண்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

ஆர்.சி.சி.பி. என்ன செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம். பேஸில் போகும் கரண்ட் அவ்வளவும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது எந்நேரமும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. வித்தியாசம் வந்தால், அந்த மிச்சம் வேறு ஏதோ வழியில், அதாவது ஈர மரம், இரும்புக் கம்பி அல்லது ஒரு மனிதரின் உடல் வழியாக, பூமிக்குப் போகிறது என்று பொருள். வீட்டில் இருப்பது 30 மில்லியாம்பியர் வகையாக இருக்கும். அந்த அளவை எட்டினால் 0.3 விநாடிக்குள் அது இணைப்பைத் துண்டித்தாக வேண்டும். லோடு மிஞ்சினாலோ ஷார்ட் ஆனாலோ மட்டும் விழும் எம்.சி.பி.யால் இந்த வேலையைச் செய்ய முடியாது. அதிலும் மலையில் சுத்தமாக முடியாது. சேர்வராயன் மலை சார்னோகைட் பாறை. எர்த் குழி தோண்டினால் பல இடங்களில் சில அடியிலேயே கல் தட்டும். உங்கள் எர்த்தின் ரெசிஸ்டன்ஸ் 100 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேஸ் கம்பி அறுந்து இரும்பு வளைவைத் தொட்டுவிட்டால் எர்த் வழியே ஓடும் கரண்ட் 230ஐ 100ஆல் வகுத்தால் வரும் 2.3 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதைச் சாதாரண லோடு என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருக்கும். வளைவு முழுவதும் ஏறக்குறைய 230 வோல்ட்டில் நின்றுகொண்டிருக்கும். உங்கள் வாசலில் ஆர்.சி.சி.பி. ஒன்றுதான் காவல்.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்துத் திருவிழாவில் இதே நிலைமை வந்தது. தூறல் விழுந்து ஆர்.சி.சி.பி. திரும்பத் திரும்ப ட்ரிப் ஆனது. சாமி புறப்படும் நேரம், எல்லோரும் அவசரப்படுத்தினார்கள். நான்தான் அதை எடுத்துவிட்டு நேராக இணைத்தேன். அரை மணி நேரத்தில், பலூன் விற்ற பதினோரு வயதுப் பையன் பந்தலின் இரும்புக் குழாயைப் பிடித்தவன் கையை எடுக்க முடியாமல் நின்றான். பக்கத்தில் இருந்தவர் காய்ந்த மூங்கிலால் தட்டிவிட்டதால் பிழைத்தான். இரண்டு நாள் அவன் கை மரத்துப்போயிருந்தது. நான் அவன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். அவன் அம்மா என்னைத் திட்டவில்லை. சாமி காப்பாற்றியது என்று சொல்லிக் காபி கொடுத்தார். அன்றிலிருந்து அந்தப் பெட்டியைத் தாண்டி நான் ஒரு விளக்கும் எரித்ததில்லை. உங்கள் எலக்ட்ரீஷியன் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். நேர நெருக்கடியில் எல்லோருக்கும் வாயில் வருகிற வார்த்தைதான் அது.

இனி உங்கள் விளக்குகளைப் பார்ப்போம். ஐந்து தொல்லைகளை ஒரே மூச்சில் சொல்லியிருப்பதால், எல்லாம் ஒரே காரணத்தால், அந்தக் கம்ப்யூட்டர் ஏற்பாட்டால் வருவது போல் உங்களுக்குத் தோன்றுகிறது. அப்படி அல்ல. பூமிக்குக் கசிவது ஒன்று, வோல்டேஜ் வழியிலேயே கரைவது ஒன்று, சிக்னல் கெடுவது ஒன்று. மூன்றுக்கும் மருந்து வேறு. மூன்றையும் ஒரே நேரத்தில் நோண்டினால் ஒன்றும் தெரியாது.

முதலில் கசிவு. பகலில் நிற்கிறது, பனி இறங்கினால் விழுகிறது என்ற ஒரு தகவலே பாதிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறது. நியூட்ரல் கம்பி வேறு போர்டின் நியூட்ரலோடு கலந்திருந்தால், வெயிலோ பனியோ, லோடு போட்ட மறுகணமே ட்ரிப் ஆகும். உங்களுக்கு அப்படி இல்லை. ஆகவே இது ஈரத்தால் வரும் கசிவு. இதை உறுதியாகச் சொல்கிறேன். எந்த இடத்தில் கசிகிறது என்பதில்தான் எனக்கு உறுதி இல்லை, வலுவான சந்தேகம் இருக்கிறது. நீங்கள் பிக்சல் பக்கத்தைச் சந்தேகிக்கிறீர்கள். அங்கே இருப்பது நான்கு எஸ்.எம்.பி.எஸ். பெட்டிகள், 230 வோல்ட்டை 5 வோல்ட் டி.சி.யாக மாற்றிக் கொடுப்பவை. ஒவ்வொன்றும் உள்ளே இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர் வழியாக எர்த்துக்கு ஒரு மில்லியாம்பியருக்கு உட்பட்ட கசிவைத் தருவது இயல்பு. நான்கும் சேர்ந்தாலும் மூன்று, நான்கு மில்லியாம்பியர்தான். பிக்சலில் ஓடுவது 5 வோல்ட் டி.சி.; அது நனைந்தால் பல்பு கெடுமே தவிர ஆர்.சி.சி.பி.யைத் தொடாது. எனவே என் கண் அந்த முப்பது சீரியல் செட்டின் மேல்தான் போகிறது. மெல்லிய கம்பி, இரண்டு முள் பிளக், பல்பின் அடியில் திறந்த துளை, போன வருடம் கட்டிப் பிரித்தபோது உரிந்த இடங்கள். அவற்றைப் பனியில் நனைந்த சில்வர் ஓக் பட்டையின் மேல் சுற்றியிருக்கிறீர்கள். ஒரு செட் அரை மில்லியாம்பியர் கசிந்தாலே முப்பதும் சேர்ந்து பதினைந்து. 30 என்று எழுதிய ஆர்.சி.சி.பி. 15க்கு மேல் எந்த இடத்திலும் விழ அனுமதி உண்டு என்பதைப் பலரும் அறிவதில்லை. 22இல் விழுந்தால் அது பழுதான பெட்டி அல்ல.

கண்டுபிடிக்கும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். பனி இறங்கி ட்ரிப் ஆகும் நேரத்திலேயே செய்ய வேண்டும்; மறுநாள் வெயிலில் தேடினால் திருடன் போயிருப்பான். எல்லாப் பிளக்கையும் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. சுவிட்ச் பேஸை மட்டும்தான் வெட்டுகிறது. நியூட்ரல் ஈர மரத்தோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். பிறகு ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டே வாருங்கள். பத்தாவது செட்டில் விழுந்தால் பத்தாவதுதான் குற்றவாளி என்று முடிவு கட்டாதீர்கள். ஒன்பது பேர் நிரப்பிய குடத்தில் அது கடைசிச் சொட்டாக இருக்கலாம். பத்தாவதை மட்டும் தனியாகச் செருகிப் பாருங்கள். தனியாகவும் விழுந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள். தனியாக நின்றால், எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது என்று அர்த்தம். அப்போது லோடைப் பிரித்து இரண்டு அல்லது மூன்று ஆர்.சி.சி.பி.களில் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றின் இயல்பான கசிவும் ஒன்பது மில்லியாம்பியரைத் தாண்டாமல் இருந்தால் நிம்மதி. கசிவு அளக்கும் கிளாம்ப் மீட்டர் கிடைத்தால் பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கவ்வி அளந்துவிடலாம். சாதாரண கிளாம்ப் மீட்டர் மில்லியாம்பியரைக் காட்டாது. மெகர் (வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) போடுவதானால் எஸ்.எம்.பி.எஸ்., எல்.இ.டி. செட், பிக்சலுக்குச் சிக்னல் அனுப்பும் கண்ட்ரோலர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் வயருக்கு மட்டும் போடுங்கள். அதன் 500 வோல்ட்டை எலக்ட்ரானிக்ஸ் தாங்காது.

உண்மையில் நானாக இருந்தால் மரத்தில் 230 வோல்ட் செட்டே கட்ட மாட்டேன். மலையில் ஆள் கை எட்டும் உயரத்தில் 24 வோல்ட் அல்லது 12 வோல்ட் விளக்கு, டிரான்ஸ்பார்மர் கூரைக்கு அடியில். இந்த வருடம் வாங்கிவிட்டீர்கள், சரி. பனியிலும் ட்ரிப் ஆக்காத செட்டுகளை மட்டும் எட்டடிக்கு மேலே ஏற்றிக் கட்டுங்கள். கம்பிவேலியிலிருந்து அத்தனையையும் அவிழ்த்துவிடுங்கள். இரும்பு வேலியும் 230 வோல்ட் சீரியல் செட்டும் ஒன்றாக இருக்கக் கூடாது.

வளைவைத் தொட்டால் விரலில் ஊறுகிறது என்றீர்களே, உங்கள் பதிவில் என்னைத் தூங்கவிடாதது அதுதான். இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்கு எர்த் கொடுக்கப்படாமல் இருப்பது. அப்போது அந்த ஃபில்டர் கெபாசிட்டர்கள் பெட்டியையும் அதோடு ஒட்டிய வளைவையும் பாதி வோல்டேஜில், அதாவது சுமார் 115 வோல்ட்டில், மிதக்கவிடும். கரண்ட் மிகச் சிறிது, ஊறும், அவ்வளவுதான். மற்றொன்று, சீரியல் செட்டின் பேஸ் உண்மையாகவே ஈரத்தின் வழியே வளைவுக்கு வருவது. அது ஆளைக் கொல்லும். இரண்டில் எது என்று இங்கே உட்கார்ந்து என்னால் சொல்ல முடியாது. டெஸ்டர் இரண்டுக்கும் ஒரே மாதிரி எரியும், அதை நம்பாதீர்கள். ஒரு வயர்மேன் மல்டிமீட்டரை வளைவுக்கும் எர்த்துக்கும் இடையே வைத்து அளந்து, பிறகு அதே இரண்டு முனைகளுக்கும் நடுவே 15 வாட் குண்டு பல்பை இணைத்துப் பார்க்கட்டும். ஆர்.சி.சி.பி. விழாமல் மீட்டர் மட்டும் பூஜ்யத்துக்கு விழுந்தால் பெரும்பாலும் முதல் காரணம். பல்பு மினுங்கினாலோ, ஆர்.சி.சி.பி. விழுந்தாலோ இரண்டாவது. அதைப் பார்க்கும்வரை குழந்தைகளை வளைவுக்குக் கீழே விடாதீர்கள். எது காரணமாக இருந்தாலும் நான்கு பெட்டிகளின் உடலையும் வளைவையும் பச்சைக் கம்பியால் எர்த்தில் இணைத்தே ஆக வேண்டும். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டன் வேலை செய்கிறது, அதனால் எர்த் நன்றாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். அந்தப் பட்டனுக்கும் எர்த்துக்கும் சம்பந்தமே இல்லை. எர்த் கம்பியே இல்லாத வீட்டிலும் அது வேலை செய்யும்.

அடுத்து வெள்ளை சிவப்பாவது. இது பயப்பட வேண்டியதல்ல, காரணமும் நிச்சயம்: வோல்டேஜ் போதவில்லை. சிவப்பு எல்.இ.டி. எரிய ஏறக்குறைய 2 வோல்ட் போதும். பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வேண்டும். வழியில் வோல்டேஜ் கரைந்தால் நீலமும் பச்சையும் முதலில் சோர்ந்துபோகும், சிவப்பு மட்டும் மிஞ்சும். ஒரு பிக்சல் முழு வெள்ளையில் 60 மில்லியாம்பியர் வரை இழுக்கும். நீங்கள் ஐம்பது ஐம்பதாக இரண்டு சரத்தைத் தொடுத்து ஒரே முனையில் கரண்ட் கொடுக்கிறீர்கள். 100 பல்புக்கு 6 ஆம்பியர். பெட்டியிலிருந்து சரத்துக்கு ஐந்து மீட்டர் 0.75 சதுர மில்லிமீட்டர் வயர் என்றீர்கள். போக வர பத்து மீட்டர். அதன் ரெசிஸ்டன்ஸ் 0.26 ஓம். 6 ஆம்பியர் ஓடினால் 1.56 வோல்ட் வயரிலேயே செத்துவிடும். 5 வோல்ட்டில் கிளம்பியது முதல் பல்புக்கு வரும்போதே 3.4 ஆகிவிட்டது. வோல்டேஜ் குறையும்போது பல்பு இழுக்கும் கரண்டும் சற்றுக் குறையும் என்பதால் கணக்கு கொஞ்சம் மிகைதான், ஆனால் நோய் இதுதான். 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் அதே தூரத்தில் இழப்பு அரை வோல்ட்டுக்குள் அடங்கும். அதோடு சரத்தின் கடைசி முனையிலும் தனி வயரில் கரண்ட் கொடுங்கள்.

அப்படிக் கொடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு எஸ்.எம்.பி.எஸ்.களின் பிளஸ் ஒன்றோடொன்று சேரக் கூடாது. எந்தச் சரத்தில் ஒரு பெட்டியின் எல்லை முடிந்து அடுத்தது தொடங்குகிறதோ அந்த இடத்தில் பிளஸ் கம்பியை வெட்டிப் பிரிக்க வேண்டும். மைனஸ் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிக்னலுக்குத் திரும்பும் வழி கிடையாது. பெட்டியின் ஓரத்தில் இருக்கும் சிறு திருகைத் திருப்பி வோல்டேஜை ஏற்றிச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். 5.2 வரை சரி. அதற்கு மேல் போனால் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பல்புகள் தண்டனை அனுபவிக்கும். எல்லாவற்றையும்விட மலிவான மருந்து ஒன்று உண்டு: மென்பொருளில் வெளிச்சத்தை 30 சதவீதத்துக்குக் குறைத்துவிடுங்கள். கரண்டும் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகிவிடும். சேலம் நான்கு ரோட்டில் கடை விளக்குகளோடு போட்டி போட வேண்டுமானால் முழு வெளிச்சம் தேவைப்படும். ஏற்காட்டின் இருட்டிலும் பனியிலும் 30 சதவீதமே கண்ணை நிறைக்கும். பனியில் நிறம் கரைந்து பரவுவதை முழு வெளிச்சம் கெடுத்துவிடும் என்பது என் ரசனை.

5 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் தீ வைக்கும். 40 ஆம்பியர் தரும் பெட்டிக்கு முன்னால் மெல்லிய வயர் ஷார்ட் ஆனால் பெட்டி அதை லோடு என்று எண்ணி ஊட்டிக்கொண்டே இருக்கும், வயர் பழுத்துவிடும். ஒவ்வொரு சரத்துக்கும் கார்களில் இருக்கும் பிளேடு ஃபியூஸ் ஒன்று போடுங்கள், 100 பல்புக்கு 7.5 ஆம்பியர். முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்டை ஒரு மணி நேரம் எரிந்த பிறகு விரலால் தொட்டுப் பாருங்கள். சுட்டால் சாலிடர் வைக்க வேண்டும். தளர்ந்த ஜாயிண்டில் 0.1 ஓம் இருந்து 10 ஆம்பியர் ஓடினால் அந்தப் புள்ளியில் 10 வாட் சூடு. சிறு சாலிடரிங் அயனை டேப்புக்குள் சுற்றி வைத்தது போல.

இனி 37ஆவது பல்பு. பிக்சல் சரத்தில் ஒவ்வொரு பல்பும் தனக்கு வந்த 24 பிட் நிறத் தகவலை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் புதிதாகத் திடப்படுத்தி அடுத்ததற்கு அனுப்புகிறது. பந்தியில் இலை கொடுப்பது போல, ஒருவர் தவறவிட்டால் அவருக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு ஒன்றும் வராது. ஆகவே 37இல் கோளாறு தெரிந்தால் பழுது 37இன் உள்வாயிலில் இருக்கலாம், 36இன் வெளிவாயிலிலும் இருக்கலாம். எல்லோரும் 37ஐ மட்டும் மாற்றிவிட்டு, சரியாகவில்லை என்று கண்ட்ரோலரைக் குறை சொல்வார்கள். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். உதிரிப் பல்பு விலை சொற்பம். மாற்றும் முன் ஒரு சோதனை: வெளிச்சத்தை 10 சதவீதத்துக்குக் குறைத்து, சிவப்பை மட்டும் எரியவிடுங்கள். மினுக்கல் நின்றுவிட்டால் அது சிக்னல் கோளாறு அல்ல, மேலே சொன்ன வோல்டேஜ் பஞ்சம்தான். பல்பை மாற்றத் தேவையில்லை. அப்போதும் மினுக்கினால் சிக்னல் அல்லது மைனஸ் ஜாயிண்ட். இந்த ஒரு சோதனை என் கையில் எத்தனையோ இரவுகளை மிச்சப்படுத்தியிருக்கிறது.

ஜாயிண்டைத் திறந்து பார்த்தால் செம்புக் கம்பி பச்சை பூத்திருக்கக் கூடும். டி.சி. ஓடும் இடத்தில் ஈரம் புகுந்தால் பிளஸ் பக்கத்துச் செம்பை அரித்துத் தின்னும்; ஒரே மழைக்காலத்தில் கம்பி தூளாகிவிடும். டேப் அதைத் தடுக்காது, உள்ளே ஈரத்தைப் பூட்டிவைக்கும். பசை உள்ள சுருங்கும் குழாய் போட்டு, கனெக்டருக்குள் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். வயர் கனெக்டருக்குள் நுழையும் முன் ஒரு கை அளவு கீழே தொங்கிப் பிறகு மேலேறட்டும். தண்ணீர் அந்தத் தாழ்வில் சொட்டிவிடும். எஸ்.எம்.பி.எஸ். வைத்த பெட்டியைச் சுற்றிலும் சிலிக்கான் பூசி அடைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். மலையில் அது தவறு. பகலில் சூடான காற்று இரவில் குளிர்ந்து உள்ளேயே வியர்த்துவிடும். அடிப்பக்கம் சிறு துளை இரண்டு போடுங்கள், பூச்சி நுழையாமல் வலை வைத்து. பனி இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பெட்டிகளுக்கு கரண்ட் கொடுத்துவிடுங்கள், விளக்கு எரியாவிட்டாலும். உள்ளே இருக்கும் இளஞ்சூடு ஈரத்தை அண்டவிடாது.

உங்களுடையது ஈ.எஸ்.பி. 32 கண்ட்ரோலர் என்றால் அதன் சிக்னல் 3.3 வோல்ட்தான். 5 வோல்ட்டில் ஓடும் பிக்சல் ஐ.சி., 3.5 வோல்ட்டாவது இருந்தால்தான் ‘ஒன்று’ என்று உறுதியாக எடுத்துக்கொள்ளும். குறைவாக இருந்தும் பல நாள் ஓடும்; குளிரிலும் நீண்ட வயரிலும் ஒருநாள் மக்கர் செய்யும். கண்ட்ரோலர் போர்டில் சிக்னலை 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் 74எச்.சி.டி.125 போன்ற ஒரு ஐ.சி. இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் போட்டுவிடுங்கள். கண்ட்ரோலருக்கும் முதல் பல்புக்கும் நடுவே மூன்று மீட்டருக்கு மேல் வேண்டாம்.

லேப்டாப் உறைவதைப் பற்றி நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன், மென்பொருளாகவும் இருக்கலாம். ஆனால் யு.எஸ்.பி. வயர் உங்கள் லேப்டாப்பின் மைனஸையும் 2,000 பல்பின் மைனஸையும் நேராக இணைக்கிறது. எர்த் சரியில்லாத இடத்தில் அந்த வயர் வழியாக வேண்டாத கரண்ட் ஓடிக் கணினி உறைந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் மட்டும் ஒரு மாலை ஓட்டிப் பாருங்கள். உறையவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் அதுதான். அதன் பிறகு யு.எஸ்.பி.யை விட்டுவிட்டு லேன் வயருக்கு மாறுங்கள். லேன் வயரின் இரு முனையிலும் சிறு டிரான்ஸ்பார்மர் இருப்பதால் மைனஸ் ஒட்டாது. பனி வைஃபையைக் கெடுக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். கெடுக்காது. வாசலில் கூடும் ஐம்பது பேரின் போன்கள் கெடுக்கும்.

மின்தடை வந்தால் வாடகை ஜெனரேட்டரில் ஓட்டுவதாக எழுதியிருந்தீர்கள். சிறு பெட்ரோல் ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் எர்த்தோடு சேராமல் மிதந்துகொண்டிருக்கும். அந்த நிலையில் ஆர்.சி.சி.பி. வைத்தும் பயனில்லை, முதல் கசிவுக்கு அது விழவே விழாது. “ஜெனரேட்டரில் ஓட்டினால் ட்ரிப் ஆகவில்லை, அப்படியானால் பழுது மின்வாரிய லைனில்தான்” என்று பலர் முடிவு கட்டுவது இதனால்தான். உரிமம் பெற்ற வயர்மேனை வைத்து, ஆர்.சி.சி.பி.க்கு முன்னால் ஜெனரேட்டரின் ஒரு முனையையும் அதன் உடலையும் எர்த்தில் இணைக்கச் சொல்லுங்கள். மாற்றுச் சுவிட்ச் பேஸ், நியூட்ரல் இரண்டையும் மாற்றுவதாக இருக்கட்டும். மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் இணைத்தால் உங்கள் ஜெனரேட்டர் மின்வாரியத்தின் லைனுக்குள் கரண்டைத் தள்ளி, கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனைத் தாக்கும்.

குரங்குகளையும் மறந்துவிடாதீர்கள். மரத்தில் சுற்றிய வயரைக் கடித்துப் பார்ப்பது அவற்றுக்கு விளையாட்டு. காலையில் ஒருமுறை வயர் முழுவதையும் கண்ணால் பார்த்துவிட்டே பிளக்கைச் செருகுங்கள். சேலத்துக்குப் பொருள் வாங்க இறங்கினால் 2.5 வயர், பிளேடு ஃபியூஸ், சுருங்கும் குழாய், பத்து உதிரிப் பிக்சல், கூடுதலாக ஓர் ஆர்.சி.சி.பி. எல்லாவற்றையும் ஒரே நடையில் வாங்கிவிடுங்கள். ஒன்று விட்டுப்போனாலும் இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் திரும்ப இறங்கி ஏற வேண்டும். ஆர்.சி.சி.பி. வாங்கும்போது ‘ஏ’ வகை என்று கேட்டு வாங்குங்கள். எலக்ட்ரானிக்ஸ் லோடு உள்ள இடத்தில் வெறும் ‘ஏ.சி.’ வகை சில கசிவுகளைக் கவனிக்கத் தவறும்.

நாளை மாலை பனி இறங்கிய பிறகு நான்கு எண்களை அளந்து இங்கே எழுதுங்கள். வளைவுக்கும் எர்த்துக்கும் இடையே எத்தனை வோல்ட், 15 வாட் பல்பு இணைத்த பிறகு எத்தனை. முழு வெள்ளையில் கடைசிப் பிக்சலில் எத்தனை வோல்ட். தனியாகச் செருகியபோது எத்தனை சீரியல் செட் ஆர்.சி.சி.பி.யை விழவைத்தன. இரவு பத்து மணிக்கு மேல் நான் பார்ப்பேன். இவற்றில் வளைவில் எடுக்கும் முதல் இரண்டு எண்களையும் வயர்மேன் அளக்கட்டும், நீங்கள் வேண்டாம்.